இரும்பு வண்டிக்கு மோட்டார் பார்த்த கதை

ஒரு பட்டறையில் இரும்புத் தகடு சுமக்கும் வண்டி ஒன்று இருந்தது. அதன் பழைய மோட்டார் எரிந்துபோனதால் புதிதாக ஒன்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரக்கோடு மேடு ஏறிவிட்டால் பிழைப்பு. இல்லாவிட்டால் காயலான் கடைதான்.

முதலில் வந்தது ஒரு குள்ள மோட்டார். வந்ததும் வராததுமாக, "எத்தனை டன் சுமப்பீங்க? மேடு உண்டா?" என்று கேட்டது.

வண்டிக்குச் சுருக்கென்றது. பார்க்க வந்த இடத்தில் எடையையா கேட்பார்கள்? "ஏதோ அரை டன் இருக்கும். மேடெல்லாம் பெரிசா இல்லை," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்து வந்த பளபள மோட்டார் ஒன்றுமே கேட்கவில்லை. "வாங்க, பறக்கலாம்!" என்றது. வண்டி அங்கேயே மயங்கிவிட்டது. சரக்கில்லாமல் இரண்டும் முற்றத்தை மூன்று சுற்று பறந்தன.

மறுநாள் இரண்டு டன் தகட்டை ஏற்றினார்கள். பாதி மேட்டில் மோட்டார் முனகிப் புகைந்தது.

"கடவுளே, இவ்வளவு கனமா! சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே," என்றது வண்டி. இரண்டும் பின்னோக்கி உருண்டு கீழே வந்து நின்றன.

கடைசி முயற்சியாகக் குள்ள மோட்டாரை மாட்டினார்கள். அது வாயைத் திறக்குமுன்பே வண்டி படபடவென்று கொட்டியது. "ரெண்டு டன்னுங்க. மேடும் செங்குத்து. முன்சக்கரம் ஒண்ணு இடப்பக்கமா இழுக்கும்."

குள்ள மோட்டார் சிரித்தது. "எனக்கும் ஒரு குறை இருக்கு, ஓட வராதுங்க. நடைதான்."

"அப்ப பேசிக்கிட்டே போகலாம்," என்றது வண்டி.

கடவுள் புண்ணியம், பேச்சு முடிவதற்குள் மேடு முடிந்துவிட்டது.