யாழ்ப்பாணம், ஒன்று

“உந்தக் கடைசி வரியைப் பாருங்கோ. உவர்தான் எங்கடை ஊர்ப் பஞ்சியர், பெருஞ் சோம்பேறி!” என்று நிருஷன் திரையைக் காட்ட, வகுப்பு கொல்லென்று சிரித்தது.

கனடா எண்பத்தொன்று, பிரான்ஸ் நாற்பத்தாறு, லண்டன் முப்பத்தெட்டு என்று திரையில் வரிசையாக இறங்கி, அடியில் கிடந்தது: யாழ்ப்பாணம், ஒன்று. குருநகரில் றெஜினம்மா என்ற கிழவியின் செத்தவீட்டை அவன் தன் ஃபோனில் நேரலையாக விட்டபோது பார்த்தவர்களின் தொகை அது. ‘இணையமும் சமூகமும்’ பாடத்துக்கு அதையே ஆய்வாக எழுதிக் கொண்டுவந்திருந்தான்.

“வெளிநாட்டுச் சனம் பாக்கிறது சரி. இவருக்கு என்ன வந்தது? ஓட்டோ பிடிச்சா இருவது நிமிசம். காலமையிலயிருந்து கடைசிவரைக்கும் பாத்திருக்கிறார். ‘ஆழ்ந்த அனுதாபம்’ எண்டு ஒரு சொல்லுக்கூடப் போடேல்லை.”

“செத்தவீட்டுக்குப் போடுற வெள்ளைச் சேர்ட்டைத் தோய்க்கப் போட்டிட்டாராக்கும்” என்றான் பின்வரிசை றஜிந்தன். மறுபடி சிரிப்பு.

விரிவுரையாளர் திருமதி சிவபாலன் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியில் திருநீறு, குங்குமம், கையில் வரவுப் பட்டியல். வரவு எண்பது வீதம் இல்லாதவனின் பரீட்சைப் படிவத்தில் அவர் கையெழுத்து வைத்ததாகத் திருநெல்வேலி வளாகத்தில் கதையே கிடையாது.

நிருஷனுக்கு எழுபத்தொன்பது. மருதனார்மடச் சந்தையில் மூட்டை தூக்கிய தகப்பனின் முதுகு போன மாசியோடு போய்விட்டது. அதற்குப் பிறகு கலியாணமோ செத்தவீடோ, கூப்பிட்ட இடமெல்லாம் ஃபோனோடு ஓடினான். இந்தக் கையெழுத்து விழாவிட்டால் ஒரு வருசம் போச்சு.

“அந்த வியாழக்கிழமையும் வகுப்புக்கு வராமல்தானே இதுக்குப் போனீர்?” என்று கேட்டார் அவர்.

“வேலை மிஸ், விட ஏலாது. அண்டைக்கு நீங்களும் வரேல்லைத்தானே? உங்களுக்குக் காய்ச்சல் எண்டு வேற சேர்தான் வந்து டாப்பிலை பேர் கூப்பிட்டவராம்.”

வகுப்பு மேசையில் தட்டியது. வாய் நீண்டுவிட்டது என்று நிருஷன் நாக்கைக் கடித்துக்கொண்டான். வகுப்பு முடிந்ததும் அவர், “நிருஷன் மட்டும் நில்லும்” என்றார்.

எல்லாரும் போனபிறகு ஆய்வின் மூன்றாம் பக்கத்தை விரித்து விரலை வைத்தார். “இதிலை ஒரு பொய் கிடக்கு. ‘ஒளிபரப்பு ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது.’ மூண்டு மணிக்குப் பிறகு கட் ஆனது.”

இணையப் பக்கத்தில் போட்டிருந்த ஒளிப்பதிவில் அவன் வெட்டுத் தெரியாமல் ஒட்டியிருந்தான். யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள். இனி மறைத்து ஆகப்போவது இல்லை.

“ஓம் மிஸ். டேட்டா முடிஞ்சுபோச்சு. ரீலோட் போடச் சந்திக்கடைக்கு ஓடினனான். எங்கடை சைவ ஆக்களிலை சுடலையிலையும் ஒருக்கா முகத்தைத் திறந்து காட்டுவினம், அப்ப எடுக்கலாம் எண்டு நினைச்சன். சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் வீட்டிலை பெட்டியை மூடினா மூடினதுதான் எண்டு எனக்கு என்ன தெரியும்? திரும்பி வரேக்கை ஆணி அடிச்சாச்சு.”

“மூட முந்தி?”

“பிள்ளையள் ஒவ்வொருத்தரா வந்து நெத்தியிலை முத்தம் வைச்சுக் கொஞ்சினவையாம். மூத்தவர், அடைக்கலநாதன் அண்ணை, அதுக்கு மட்டும் உள்ளுக்கு வந்தவராம். மற்றும்படி விடியத் துவங்கிப் வாசல் படலையடியை விட்டு அசையேல்லை. வாற சனத்தை வரவேற்கிறாராக்கும் எண்டு பாத்தால், ஒருத்தரையும் கும்பிடவும் இல்லை.”

திருமதி சிவபாலன் அவனுடைய படிவத்தை இழுத்துக் கையெழுத்து வைத்தார். நிருஷனால் நம்ப முடியவில்லை. எழுத்துக் கோணிப் போயிருந்தது.

“வரவேற்க நிக்கேல்லை” என்றார். “சைவக்காரனைக் கட்டிக்கொண்டு போன தங்கச்சி உள்ளுக்கு வந்திடுவாள் எண்டு காவல் நிண்டவர்.”

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவன் வாய் திறந்தான். திரை இன்னும் அணையவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால் அந்தக் கடைசி வரி அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பஞ்சியர் என்று தான் சொன்னது அவன் காதில் திரும்பக் கேட்டது.

அவர் படிவத்தை நீட்டினார். அவன் மறுமுனையைப் பிடித்தபிறகும் அவர் அதை விடவில்லை.

“என்ரை பங்குக்கும் அம்மாவை ஆரும் கொஞ்சினவையோ, தம்பி?”