லூயிசாவின் ஸ்லைடு

லூயிசா டைபாய்டில் இறந்த மாதமே, மயிலாப்பூர் பெண்கள் கல்லூரியில் அவள் பார்த்த விலங்கியல் ஆசிரியை வேலை ஃப்ளோராவுக்குக் கிடைத்தது. இருவரும் சாந்தோமில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். படிப்பில் எப்போதும் லூயிசா முதல், ஃப்ளோரா இரண்டாவது. இனி அந்தத் தொல்லை இல்லை என்று ஃப்ளோரா நினைத்தாள்.

முதல் வகுப்பிலேயே மாணவிகள், "மிஸ், லூயிசா மிஸ் செஞ்சு வெச்ச ஸ்லைடைக் காட்டுங்க. அதுலதான் செல் நல்லா தெரியும்" என்றார்கள்.

லூயிசா தன் உள்கன்னத்தைச் சுரண்டியெடுத்து, நீலச் சாயம் ஏற்றி வைத்த செல்கள் அவை. செத்துக் காய்ந்து மூன்று மாதமாகிறது. கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டில் 'செல்கள் முப்பத்தொன்று' என்று அவள் கையெழுத்தில் இருந்தது. ஃப்ளோரா எண்ணியபோது முப்பத்து நான்கு இருந்தன. வெள்ளிக்கிழமை முப்பத்தாறு.

ஃப்ளோராவுக்குப் பயம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

"செத்தப்புறமும் உன்னுதுதான் ஒசத்தியா?" என்றாள் மைக்ராஸ்கோப்பைப் பார்த்து. ஒரு குச்சியால் தன் உள்கன்னத்தைச் சுரண்டி, அதே கண்ணாடியின் ஓரத்தில் தேய்த்தாள். சாயம் ஏற்றவில்லை. நிறமில்லாத செல்கள் பன்னிரண்டு தெரிந்தன.

திங்கட்கிழமை காலை நீலச் செல்கள் நாற்பத்தெட்டு இருந்தன. நிறமில்லாதது ஒன்றுகூட இல்லை.

"இன்னா லூயிசாம்மா, இவ்ளோ சீக்கிரம் வந்துகிறீங்க?" என்றபடி அட்டெண்டர் ராஜநாயகம் உள்ளே வந்தார்.

ஃப்ளோரா திரும்பினாள். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்த பிறகும் அவர் பேரை மாற்றிச் சொல்லவில்லை.