கோடும் புள்ளியும்

"வீட்டு கரன்ட் பில்லைக்கூட வானவில் மாதிரி சார்ட் போடறீங்க. ஆபீஸுக்குன்னா மட்டும் ஏங்க்கா இப்படி அழுது வடியுது?"

புதிதாகச் சேர்ந்த சின்னவள் கேட்டது நியாயம்தான். அவள் கேட்டது, ஆபீஸே 'சார்ட் அக்கா' என்று கூப்பிடும் ஆளிடம். சாப்பாட்டு நேரத்தில்கூட ஏதாவது ஒரு வெப்சைட்டைத் திறந்து, எண்களை வட்டமாக்கி, பூவாக்கி, "இங்க பாருடி, எவ்ளோ அழகு!" என்று குதிப்பாள். ஆனால் மேனேஜருக்குப் போகும் சார்ட்டில் மட்டும் கலரே கிடையாது. லாபத்தில் ஓடும் கடைக்குக் கோடு, நஷ்டக் கடைக்குப் புள்ளி. அவ்வளவுதான்.

"அது அப்படித்தான். நீ அதுல கை வைக்காதே."

"முதலாளி வர்ற மீட்டிங்க்கா! மானம் போயிடும்."

கேட்பாளா? அக்கா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கோட்டையும் புள்ளியையும் எடுத்துவிட்டு, லாபக் கடைக்குப் பச்சை, நஷ்டக் கடைக்குச் சிவப்பு என்று மாற்றிவிட்டாள்.

மீட்டிங்கில் திரை பளிச்சென்று மின்னியது.

"பரவாயில்லையே! இதுல எந்தெந்தக் கடை நஷ்டம்?" என்றார் முதலாளி.

மேனேஜர் திரையைப் பார்த்தார். எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. "அது வந்து சார்..."

"என்னய்யா இது? மேனேஜர் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, இதுகூடத் தெரியலைன்னா எப்படி?"

சார்ட் அக்கா சட்டென்று எழுந்தாள். "மன்னிச்சிடுங்க சார். நான்தான் தப்பான சார்ட்டைப் போட்டுட்டேன். கலரெல்லாம் மாறியிருக்கு."

பழைய கோடும் புள்ளியும் திரைக்கு வந்தன. மேனேஜர் ஒவ்வொரு கடையாகக் கடகடவென்று விளக்கினார்.

முதலாளியின் கோபம் அக்கா பக்கம் திரும்பியது. "இத்தனை வருஷ சர்வீஸ், ஒரு தடவை சரிபார்க்க மாட்டீங்களா? இன்னொரு தடவை இப்படி நடந்தா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

மீட்டிங் ரூமை விட்டு வந்ததும் சின்னவள் பொரிந்து தள்ளினாள். "மாத்தினது நான். கலரும் சரியாத்தான் இருந்தது. எதுக்குக்கா பொய் சொல்லித் திட்டு வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?"

"மெதுவாப் பேசுடி."

வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. பின்னாலேயே மேனேஜர் வந்தார்.

"அம்மாடி, அங்க இருக்கற பச்சைக் குடை என்னோடது. கொஞ்சம் எடுத்துக் குடும்மா."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். மூலையில் ஒரே ஒரு குடைதான் இருந்தது. நல்ல சிவப்பு.

"பச்சையா? சார், இது..."

அவள் முடிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"இந்தாங்க சார், உங்க பச்சைக் குடை."