எழுந்திருக்காத எல்லம்மா

“காது கேளாத வீராங்கனை எல்லம்மா உடனே மேடைக்கு வரவும்!” மைக் இரண்டாவது தடவையாகக் கத்தியது.

எல்லம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்து தோரணத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது கேட்காதவளை மைக்கில் கூப்பிடுகிற புத்தி அதிகாரிகளுக்குத்தான் வரும்.

எண்பத்தொன்றாம் வருஷம், உலக ஊனமுற்றோர் ஆண்டாம். போன மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் கவிழ்ந்த படகிலிருந்து இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்ததற்காக அவளுக்குச் சால்வை, கேடயம். பழவேற்காட்டில் பந்தல். ஏரியைச் சுற்றியுள்ள ஊரெல்லாம் வந்திருந்தது.

தொட்டுச் சொல்ல வேண்டிய அவள் அம்மா ரங்கம்மாளோ, மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணலைப் பார்க்கிறாள்.

“ஏன்டி ரங்கம்மா, உம் பொண்ணத்தான் கூவறாங்க!”

“கூவட்டும். நீ கம்முனு குந்து, யக்கா. அந்தாண்ட மாப்ள வூட்டுக்காரங்க குந்திக்கினு கீறாங்க.”

எட்டிப் பார்த்தேன். ஆண்கள் பக்கம், கயிற்றை ஒட்டி, மாப்பிள்ளை, சுண்ணாம்புக்குளத்து வடிவேலு. அவனும் இதே ஏரியில் வலை போடுகிறவன்தான்.

பெண் பார்க்க வந்தபோது எல்லம்மா வாய் திறக்காததற்கு ரங்கம்மாள் சொன்ன காரணம், கூச்சம். அவர்களும் காபியைக் குடித்துவிட்டுத் தலையாட்டிப் போனார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம். இதுவரை நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்த பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆண்பிள்ளை இல்லாத வீடு. அப்பனோடு வலைக்குப் போகிறவள் அவள்தான். காற்றடிக்கும் நடு ஏரியில் படகுக்குப் படகு எல்லோருமே கையைக் காட்டித்தான் பேசுவார்கள். அங்கே அவள் குறை யாருக்குத் தெரியும்?

வீட்டுக் கைப்பேச்சு வேறு. அதில் ஆளுக்கு ஓர் அடையாளம்தான் பெயர். எல்லம்மாவுக்கு மூக்குத்தி. எனக்கு வயிறு. அதை விடுங்கள்.

இப்போது எழுந்தால் கல்யாணம் போச்சு. எழாவிட்டால், இந்த ஏரிக்கரையில் எல்லம்மாக்களுக்கா பஞ்சம்? வேறு யாரோ என்று போய்விடும்.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள். அதிகாரி சால்வையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நாலா பக்கமும் தேடினார். கூட்டம் சலசலத்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெதுவாக இடித்துவிடலாமா என்று முழங்கையைத் தூக்கினேன். ரங்கம்மாள் முறைத்தாள்.

வடிவேலு எழுந்தான்.

கயிற்றைத் தாண்டி மேடைக்கு முன்னால் வந்து, பெண்கள் பக்கம் திரும்பி நின்றான். மூக்கின் மேல் விரலை வைத்தான். பிறகு மேடையைக் காட்டினான்.

எல்லம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

ரங்கம்மாளின் பிடி தானாகத் தளர்ந்தது.

பெண்கள் வரிசையைத் தாண்டி முன்னே போனவள், மேடையேறும் முன் ஒரு கணம் நின்றாள். அவனைப் பார்த்து, தன் இடது புருவத்தின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

வடிவேலுவின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு.

பக்கத்து வீட்டில் நான் ஒருத்தி இருக்கும்போதே, எனக்குத் தெரியாமல், அவனுக்குப் பெயர் வைத்திருக்கிறாள்.