முதல்ல விரிக்கிற புடவை

“இது உங்களுக்கு வேணாங்க. வேற பாருங்க.”

தருமன் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புடவை விக்கிறவன் பேசுற பேச்சா இது?

எழுபத்தெட்டுல, ஆரணியில ஒரு பட்டுக்கடையில நான் சேர்ந்த புதுசு. தருமன் அங்க பழைய ஆள். யார் வந்தாலும் முதல்ல ஒரு அரக்குப் புடவையைத்தான் விரிக்கணும். யானை விலை. அதைக் கேட்டு மலைச்சவங்களுக்கு அடுத்துக் காட்டுறதெல்லாம் மலிவாத் தெரியும், பேரம் பேசாம எடுத்துடுவாங்க. முதலாளி ஜெகநாதனோட யோசனை. நான் வர்றதுக்கு முந்தியே வருஷக்கணக்கா அதை விரிச்சு மடிச்சிகினு இருந்தாங்க. யாரும் வாங்கினதில்லை.

அன்னிக்கு தேசூர்லேர்ந்து வந்த தங்கவேலுவோட பொண்ணு தேவகி அதையே பிடிச்சிகினா. “முகூர்த்தத்துக்கு இதாம்பா வேணும்.”

கல்லாவிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். “ஆசைப்பட்டுக் கேக்குது, பாவம். பாதி விலைக்குக் குடுத்துடு தருமா!”

எப்பேர்ப்பட்ட மனுஷன்! எனக்குக் கண் கலங்கிடுச்சு.

தருமன் மசியலை. “பாப்பா நிறத்துக்கு இது எடுக்காதுங்க.”

“பரவால்ல, குடுங்க,” என்றார் தங்கவேலு.

“நாத்து நடப் போறவங்களுக்கு இது எதுக்குங்க? கட்டினாலும் கூத்துல வேஷம் போட்ட மாதிரிதான் இருக்கும்.”

பொண்ணு முகம் செத்துப்போச்சு. தங்கவேலு துண்டை உதறித் தோள்ல போட்டார். “ஏழைன்னா அவ்ளோ எளப்பமாய்யா? நீ நல்லா இருப்பியா?” அழுதுகினு நின்ன பொண்ணை எதிர்க்கடைக்குக் கூட்டிகினு போனார்.

முதலாளி கத்தினார். “நாளையிலேர்ந்து கடைப் பக்கம் வராத!” செருப்பை மாட்டிகினு சாப்பிடப் போயிட்டார்.

“நல்லா வேணும்யா உனக்கு,” என்றேன். எனக்கு ஆத்திரம் அடங்கலை.

தருமன் அந்தப் புடவையோட மடிப்புல விரலை வச்சு லேசா இழுத்தான். பட்டு நீளத்துக்கும் விட்டுப்போச்சு. தினமும் அதே மடிப்புல மடிச்சு மடிச்சு இத்துப்போயிருந்தது.

“அடப்பாவி! இதை அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“முதலாளி எதிர்லயா? எப்படியாவது வேற எடுக்க வச்சிடலாம்னு பார்த்தேன்.” கிழிசலை உள்ள வச்சுப் புடவையை மடிச்சான். “இதுக்கு முந்தி விரிச்சிகினு இருந்த புடவைய எனக்குத்தாம்பா பாதி விலைக்குக் குடுத்தாரு. கால்ல விழுந்து வாங்கிகினு போனேன். மணவறையில உக்காரும்போதே கிழிஞ்சுது. அபசகுனம்னு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க எழுந்து போயிட்டாங்க. என் தங்கச்சி அதுக்கப்புறம் வாசப்படி தாண்டல.”