சரிவு

சௌந்தரபாண்டியன் பட்டாளத்தில் இரண்டு கால்களையும் இழந்தவர். வருஷா வருஷம் ஆடித் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, குருசாமியின் லாட்ஜில் மனைவியோடு தங்குவார். வாசல் படிகளில் நான்கு பேர் அவரை வீல்சேரோடு தூக்கும்போது கண்களை மூடிக்கொள்வார்.

தொண்ணூற்றிரண்டில் குருசாமி அந்தப் படிகளை உடைத்து, சிமெண்டில் சரிவு போட்டுக் காத்திருந்தார். சௌந்தரபாண்டியனின் மனைவி வெள்ளத்தாய் மட்டும் காலி வீல்சேரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"அவிய மாசியில தவறிட்டாவ அண்ணாச்சி. இது இங்க வாற யாருக்காவது ஒதவட்டும்."

குருசாமி வீல்சேரைச் சரிவில் தள்ளினார். ஆள் உட்கார்ந்திருக்கும் கனம் இருந்தது. மூச்சு வாங்கியது.

வெள்ளத்தாய் சரிவையே பார்த்தார். கண் நிறைந்தது.

"கைய எடுங்க அண்ணாச்சி. அவிய தானாவே ஏறிக்கிடுவாவ."

குருசாமி கையை எடுத்தார். சக்கரங்கள் மெதுவாக மேலே உருண்டன.