முதுகில் இருந்த ஊக்கு

ஒரே ஒரு ஊரில், துணிமணிகள் எல்லாம் வாய்திறந்து பேசிய காலத்தில், ஒரு சுங்குடிக் கவுன் இருந்ததாம். அது முதன்முதலாக ஃபேஷன் திருவிழாவுக்கு வந்திருந்தது. அதை உடுத்திய பெண்ணோ ஒல்லி. கவுன் தொளதொளவென்று தொங்கியது. ஓர் ஊக்கு அவள் கூந்தலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, துணியைச் சேர்த்துப் பிடித்தது.

“பயப்படாதே தங்கச்சி, விடமாட்டேன்” என்றது. மேடையில் நடந்து திரும்பும்வரை விடவும் இல்லை.

திரைக்குப் பின்னால் வெல்வெட் அங்கி வியந்தது. “என்னடி, அச்சுல வார்த்தமாதிரி இருக்கே இடுப்பு!”

“பிறவியிலேயே இப்படித்தான்க்கா.”

“அப்ப முதுகுல மின்னுறது யாரு?”

“அதுவா? வர்ற வழியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். எனக்குத் தெரியாது.”

ஊக்கு அந்த நேரத்தில் பிடியை விட்டிருந்தால் கவுனின் மானம் போயிருக்கும். அது விடவில்லை. “ஆமாங்கம்மா, நான் வழிப்போக்கன்தான்” என்றது.

கவுன் கூனிக் குறுகிப்போனது. யாரும் இல்லாதபோது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தது. வெல்வெட் அங்கி பெட்டிக்குள் போனது. விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. அந்தப் பெண் ஊக்கைக் கழற்றிவிட்டு, கவுனை ஆணியில் மாட்டினாள்.

“அண்ணே...” என்று கவுன் தொடங்கியது.

அதற்குள் அவள் குனிந்து, அறுந்துபோன தன் செருப்பு வாரில் ஊக்கைக் குத்தினாள்.

“வர்றேன் தங்கச்சி” என்றது ஊக்கு.

அவள் நடந்து போய்விட்டாள்.